துருவே ஏறாத ஷாக் அப்சார்பர்

என் ஜீப் விழுப்புரத்து வீட்டில் நிற்பதைவிடப் பெருமுக்கல் பக்கத்துக் கல்பாதையில் குதிப்பதுதான் அதிகம். கம்பெனி ஷாக் அப்சார்பர் கிடைக்காததால் திண்டிவனத்துக் கடையொன்றில் வேறு செட் வாங்கி மாட்டினேன்.

"புத்தம் புதுசு சார். சத்தியமா துருவே ஏறாது" என்றார் கடைக்காரர்.

கேட்காமலே சத்தியம் செய்பவரை நான் நம்புவதில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"அங்கியே குடித்தனம் பண்ணுங்க" என்றாள் மனைவி.

பத்தாம் நாள், கறுப்புப் பெயின்ட் உரிந்த இடத்தில் உள்ளே சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது. மாட்டிக்கொண்டான்! நேரே திண்டிவனம் போய்க் கடை வாசலிலேயே கத்தினேன்.

கடைக்காரர் குனிந்து, விரலால் தேய்த்து, மோந்து பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், இதுக்கா இம்மாம் சத்தம்? இது துரு இல்ல, குங்குமம். பூஜை போட்டப்ப உங்க வூட்ல வெச்சிருப்பாங்க."

கடையே சிரித்தது. நானும் தேய்த்துப் பார்த்தேன், குங்குமமேதான். அசடு வழிய மன்னிப்புக் கேட்டு, அவர் வாங்கித் தந்த டீயையும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஊர் எல்லை தாண்டும்போது கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை ஆடியது. சட்டென்று பிரேக் போட்டேன். எங்கள் வீட்டில் வண்டிக்குச் சர்ச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர்தான் தெளிப்பார். குங்குமம் வைக்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது.

அந்தப் 'புத்தம் புதுசு' யார் வீட்டு வண்டியிலோ பூஜை கண்ட பிறகுதான் பெயின்ட் பூசிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறது.