ஆற்றை மறைத்த சொராய்தா

பெலேன் சந்தையில் மீன் சுட்டு விற்கும் சொராய்தாவுக்கு வாய்தான் மூலதனம். பெரு நாட்டின் இக்கிட்டோஸ் நகரத்தில் அவளிடம் விலை பேசி ஜெயித்தவர் கிடையாது. அந்த வாயும் ஒருநாள் அடைத்துப்போனது. இங்கே வேலைக்கு வந்து அவள் மகளை விரும்பிய பையனின் அம்மா, லிமாவிலிருந்து இரண்டு நாள் வருகிறாள் என்று செய்தி. பிடித்தால் கல்யாணம், பிடிக்காவிட்டால் பையனைக் கையோடு கூட்டிப்போய்விடுவாளாம்.

"தலைநகரத்துக்காரிடி. ஆத்துக்குள்ள கட்டைக்கால் மேல நிக்கிற என் வீட்டப் பாத்தா அடுத்த விமானத்துல ஏறிடுவா" என்று பக்கத்துக் கடைக்காரியான என்னிடம் புலம்பினாள்.

அதனால் திட்டம் போட்டாள். தங்குவது அவள் தம்பியின் காரை வீட்டில். பார்ப்பது மாதா கோயில், ஐஸ்கிரீம் கடை, மின்படிக்கட்டு ஓடும் பெரிய கடைவளாகம். சொந்த வீட்டில் ஏதோ மராமத்து நடக்கிறதாம். ஆற்றைப் பற்றி மூச்சு விடக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளக் காலத்தில் ஆற்றையே மறைக்கக் கிளம்பியவள் இவள் ஒருத்திதான். நானும் வெட்கமில்லாமல் கூடவே போனேன்.

வந்தவள் பெயர் எடெல்மிரா. மின்படிக்கட்டில் அவளை ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றினோம். ம்ஹூம், முகத்தில் ஒரு சலனம் இல்லை. மறுநாள் மோட்டோ என்கிற மூன்று சக்கர வண்டியில் போகும்போது ஓட்டுபவனின் தோளைத் தட்டினாள்.

"தம்பி, ஆத்துக்கு விடுப்பா. கடை பாக்கவா நான் இவ்ளோ தூரம் வந்தேன்?"

சொராய்தா என் தொடையைக் கிள்ளினாள். மோட்டோ சரிவில் இறங்கி, தெரு முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்றது. அங்கே படகுக்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்ன சொராய்தாக்கா, வீட்டுப் பக்கமே காணோம்? ஏறுங்க, கொண்டு விடறேன்."

அப்புறம் என்ன, ஏறினோம். சொராய்தாவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டு அடுப்படியில் எடெல்மிரா பலகை இடுக்கு வழியே குனிந்து பார்த்தாள். கீழே ஆறு தளும்பிக்கொண்டிருந்தது. அவள் நிமிரவே இல்லை.

"கலங்கல் தண்ணிம்மா, குடிக்க ஆகாது" என்று முணுமுணுத்தாள் சொராய்தா.

"லிமாவுல எங்க மணல்மேட்டுல ஒரு செடி கிடையாது. தண்ணி லாரி வந்தா பீப்பாயத் தூக்கிட்டு ஓடணும், அக்கம்பக்கத்தோட அடிச்சிக்கணும். குளிச்ச தண்ணியிலதான் துணியே அலசறேன். இவ்ளோ தண்ணிய வச்சிக்கிட்டா என்னைக் கடைகடையா இழுத்தடிச்சீங்க?" எடெல்மிராவின் குரல் உடைந்தது.

முந்தானை இல்லாத ஊர்; புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்த இங்கயே வச்சிக்கலாம் சம்பந்தி. எங்க வீட்டப் பாத்தா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்க."