குறை ஒன்றுமில்லை

அலுவலகத்தில் அவளுக்கு 'இருக்கலாம்' என்று பட்டப்பெயர். மேனேஜர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டால்கூட, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்பாள். பதினான்கு வருடமாக ஹாஸ்கெல்லில் நிரல் எழுதுகிறவள் வேறு எப்படிப் பேசுவாள்! அந்த மொழியில் ஒரு மதிப்பு வருமோ வராதோ என்றிருந்தால், அதை 'மேபி', அதாவது 'இருக்கலாம்', என்கிற டப்பாவில் போட்டுத்தான் கொடுப்பார்கள். சரக்கு இருந்தால் 'ஜஸ்ட்', காலியாக இருந்தால் 'நத்திங்'. காலி டப்பாவுக்கு என்ன வழி என்று சொல்லாமல் நகரப் பார்த்தால் நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் கழுத்தைப் பிடிக்கும். அவசரக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவை உடைத்துவிட்டுப் பிறகு முழிப்பார்கள். இவளோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகப் பார்ப்பவள். யானைக்கும் அடி சறுக்கும் என்பது அவளைப் பார்த்து யாருக்கும் தோன்றியதில்லை.

ஊரிலிருந்த ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அறிக்கை அச்சிடும் மென்பொருள் அவளுடையது. அவளுடைய அண்ணன், லிஃப்ட் பழுது பார்ப்பவன், அங்கே மட்டும்தான் ரத்தம் கொடுப்பான். "நம்ம பாப்பா எழுதுனது, தப்பா வருமா?" என்று வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது வானத்துக்கும் பூமிக்கும் குதிக்காத ஒரே ஆள் அவன்தான். மாடி அறையைக் காலி செய்து சாவியைக் கையில் கொடுத்தான், அவ்வளவுதான்.

அந்த அண்ணன் செத்து மூன்று மாதமாகிறது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அவள் அழவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனாள். சரியான கல்லுளிமங்கி என்று அத்தைமார் பேசியது காதில் விழுந்தது. அதுவும் வலிக்கவில்லை. உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பரிசோதனைக் கூடத்துப் பொறுப்பாளர் போன் செய்தார்.

"மேடம், ஒரு கூத்து கேளுங்க. ஒருத்தர் ரத்தமே குடுக்காம எழுந்து போயிட்டாரு. அவருக்கு 'குறை ஒன்றுமில்லை'ன்னு பேப்பர் வந்திருக்கு!"

அவள் நிரலைத் திறந்தாள். சோதனை நடந்ததா என்று பார்க்கும் இடம். டப்பா காலியாக இருந்தால் அதற்குப் பதிலாக என்ன அச்சாக வேண்டும் என்று ஒரே ஒரு வரி. அதில் இருந்தது: 'குறை ஒன்றுமில்லை'.

"நீங்கதானே சார் சொன்னீங்க? முடிவு வரலன்னா என்ன போடட்டும்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு போடுங்கன்னீங்க."

"ஐயோ! ஒண்ணும் போடாதீங்க, காலியா விடுங்கன்னுதானே சொன்னேன்!"

இரண்டு பேருக்கும் தாய்மொழி ஒன்றுதான். டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டார் என்று வீட்டுக்கு வீடு சந்தோஷமாகச் சொல்கிற அதே சொல். கம்பைலரும் மறிக்கவில்லை. டப்பா காலியானால் அதற்கு ஏதோ ஒரு சொல் வேண்டும், எந்தச் சொல் என்று அது கேட்காது.

"எத்தனை பேருக்கு இப்படிப் போயிருக்குன்னு லிஸ்ட் குடுங்க மேடம். எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டாகணும்."

முப்பத்தெட்டுப் பேர். பத்தொன்பதாவது வரியில் அண்ணன் பெயர். சிறுநீரகச் சோதனை, ரத்தம் போதவில்லை, செய்யவில்லை. அவள் அந்த வரியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள்.

காலி டப்பாக்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கித் தள்ள ஹாஸ்கெல்லில் ஒரு சொல் உண்டு. பட்டியலிலிருந்து அண்ணனையும் அப்படித் தள்ளிவிடலாம். செத்தவனுக்கு எதற்கு மறுசோதனை? முப்பத்தேழு பேர் பிழைத்துக்கொள்வார்கள், வீட்டில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. விரல் விசைமேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பத்தொன்பதாவது வரிக்குப் பக்கத்தில், 'இவர் இறந்துவிட்டார். வீட்டுக்கு நானே சொல்கிறேன்' என்று எழுதி அனுப்பினாள். அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அண்ணி சமையலறையில் ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணனுக்கு வந்த 'குறை ஒன்றுமில்லை' பேப்பரை எடுத்துக் காட்டுபவள் அவள். எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு, விதி, என்பாள்.

"அண்ணி, அண்ணனோட கிட்னி ரிப்போர்ட்டுல நிஜமா என்ன இருந்துச்சு தெரியுமா?"

"ஏன் தெரியாம? ஒண்ணுமில்ல."

"ஆமா. ஒண்ணுமே இல்ல. ரத்தம் பத்தல. டெஸ்டே பண்ணல."

அண்ணியின் கை நின்றது. "அப்ப குறை ஒண்ணுமில்லன்னு எழுதுனது யாரு?"

"நான்தான் அண்ணி."

திட்டுவாள், கையிலிருக்கும் துணியால் அடிப்பாள், மாடியைக் காலி பண்ணு என்பாள் என்று நின்றாள். அண்ணி துணியை மடித்து ஃபிரிட்ஜ்மேல் வைத்தாள்.

"அப்பவே லேப்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. மறுபடி ரத்தம் குடுக்கணும், வாங்கன்னு. போகட்டுமான்னு உங்கண்ணன் என்கிட்ட கேட்டாரு." அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேப்பரைக் காட்டி, அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே, எதுக்கு வீண் அலைச்சல்னு நான்தான் நிறுத்தினேன்."

இது அவளுக்குத் தெரியாது. அவள் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, என்ன பண்ணுது உனக்கு?" என்றாள் அண்ணி.

பிறந்ததிலிருந்து இந்தக் கேள்விக்கு அவள் சொல்லிவந்த பதில் ஒன்றுதான். அது நாக்கு நுனிவரை வந்தது. அவளால் சொல்ல முடியவில்லை.