ஓரம் வெட்டிய படம்

செவிலிமேட்டில் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிற நௌஷீனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். அன்று வாடிக்கைக்காரி துர்கா வந்து செல்போனை நீட்டியபோது, "யாரு போட்டது?" என்று அவள் கேட்டது துர்காவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

துர்காவின் கல்யாணத்தன்று நௌஷீன் எடுத்த படம் அது. ஜாக்கெட்டின் முதுகு நிறைய அவள் போட்ட ஜரிகை மயில். துர்கா திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளிடம் கேட்டுத்தான் நௌஷீன் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டாள். கீழ் ஓரத்தில் தன் பெயரையும் போட்டிருந்தாள். இப்போது காந்தி ரோட்டுப் புடவைக் கடை ஒன்று அந்த ஓரத்தை வெட்டிவிட்டு, 'எங்கள் கைவேலை, எங்கள் மாடல்' என்று விளம்பரம் செய்திருந்தது. அதன் கீழே கண்டவனெல்லாம் துர்காவின் உடம்பைப் பற்றி எழுதியிருந்தான்.

"மாமியார் வீட்டு குரூப்புல சுத்திக்கினு இருக்குதுக்கா. எப்போ மாடலிங் போனன்னு அவரு கேக்குறாரு. உன்னை நம்பித்தானே போட விட்டேன்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் நௌஷீனைச் சுட்டது. ஊசியைப் பாதித் தையலில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

கடை முதலாளி அர்ஜுனன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நெட்ல போட்டா எல்லாருக்கும் பொதுதாம்மா. உனக்கும் விளம்பரம்தானே?"

"எம் பேரை வெட்டிட்டு எனக்கு விளம்பரமா?"

"இன்னாமா இப்போ? டீ சொல்லட்டா?"

நௌஷீன் போனைத் தூக்கி அவரை ஒரு படம் எடுத்தாள். "மூல வியாதிக்கு மருந்து விக்கிறவங்க விளம்பரத்துக்கு ஒரு மூஞ்சி தேடுறாங்க. உங்களுத குடுத்துடறேன்."

அர்ஜுனன் துள்ளி எழுந்தார். "மரியாதையா டெலீட் பண்ணு! போலீஸ கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. உங்க மூஞ்சி மட்டும் உங்களுது, அந்தப் பொண்ணு மூஞ்சி பொதுவா?"

புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விளம்பரத்தை அவள் கண்ணெதிரே எடுத்தார். அதன் பிறகுதான் அவளும் அவர் படத்தை அழித்தாள்.

ஆனால் வீட்டுக்கு வந்து தேடியபோது வேறு சில பக்கங்களிலும் மயில் கிடந்தது. ஆதாரமாக வெட்டாத படத்தைச் சேர்த்து ஒவ்வொன்றின் மேலும் புகார் அனுப்பினாள். ஒவ்வொன்றாகப் படங்கள் போயின. ஒரு பக்கம் மட்டும் பதிலே சொல்லவில்லை. அதற்காகத் துர்காவையும் அழைத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுத்திருக்கிறாள்.

இப்போது அவள் போடும் படங்களில் முகம் வருவதில்லை. பெயரும் ஓரத்தில் இல்லை, வேலைப்பாட்டின் நடுவிலேயே குறுக்காக ஓடுகிறது. "பார்க்க நல்லா இல்லியே" என்கிறவர்களிடம், "திருடறவனுக்கும் நல்லா இருக்கக் கூடாது" என்கிறாள்.

துர்காவின் புருஷனையும் அவள் விடவில்லை. அவன் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டாள்: "திருடுனவன் கடையில உக்காந்துகினு இருக்கான். நீ இவளைக் கேள்வி கேக்குறியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். துர்கா கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.