அவள் வரும்வரை ஆர்மோனியம்

என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவிருந்த சமயத்தில்தான் நான் முதன்முதலாக ஆர்மோனியத்தைத் தொட்டேன். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பதைத் தவிர என் விரல்களுக்கு வேறு வித்தை தெரியாது.

லிங்கராஜபுரத்தில் எங்கள் சின்ன சர்ச்சில் ஞாயிறுதோறும் அவள்தான் வாசிப்பாள். பெண்கள் பக்கம், எல்லோருக்கும் முன்னால் போட்ட பாயில் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் பார்க்கிற ஆளே இல்லை. முதுகு நிமிர்ந்துவிடும். அந்த இடத்தின் மேல் அவளுக்கு உயிர். பிரசவம் முடிந்து திரும்பப் பல மாதம் ஆகும், அதற்குள் போதகர் வேறு யாரையாவது உட்கார வைத்துவிட்டால் என்ன செய்வது என்று அழுதாள்.

"நீங்க உக்காருங்க. உங்களன்னா நான் வந்து எழுந்திருங்கன்னு சொல்லலாம். வேற யாரையும் சொல்ல முடியாதில்ல?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எனக்கு ஸ்வரமும் தெரியாது, மண்ணும் தெரியாது. மாலையில் சர்ச்சுக்குப் போய் அவள் பாடுவாள். நான் ஒவ்வொரு கட்டையாக அமுக்கி, அவள் குரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று தேடுவேன். ஒன்று அகப்படும்போது முன்னால் கிடைத்தது மறந்துபோகும். "ஜவுளிக்கடைக்காரரே, துணியில்ல அது, இழுக்காதீங்க" என்று கேலி செய்வாள். அவள் கோலார் தங்கவயலுக்கு ரயிலேறியபோது நாலைந்து பாட்டுகள் கைக்கு வந்திருந்தன.

எங்கள் சர்ச்சில் சுருதி கொடுக்கிற வழக்கமில்லை. முன்வரிசையில் உட்காரும் நர்சம்மா எந்த இடத்தில் வாய் திறக்கிறாரோ அதுதான் சுருதி. முதல் ஞாயிறு அவர் தொடங்கியதுமே நானும் தொடங்கினேன். அவர் உச்சத்தில் எடுத்திருந்தார். என் கைக்குத் தெரிந்ததோ என் மனைவியின் தணிந்த குரல் மட்டும். பெண்கள் நர்சம்மாவோடு போனார்கள், ஆண்கள் பாவம் என்னோடு வந்தார்கள். போதகர் யாரோடும் போகாமல் நின்றார்.

வெளியே வந்ததும் நர்சம்மா பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, பேஜாரு பண்ணிட்ட! வீட்ல பழகின எடத்துலயே வாசிச்சா ஆச்சா? மொதல் வரிய நாங்க பாடிக்கிறோம். நீ ஸ்வல்ப நேரம் சும்மா இருந்து கேளு, ரெண்டாவது வரியில வந்து சேந்துக்கோ. உன் பொண்டாட்டி அப்டித்தான் செய்வா."

அத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து கேட்டும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் சோறு இறங்காது. நர்சம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன். கடையில் யாராவது முணுமுணுத்தால் என் விரல் மேசையில் அதைத் தேடும். நான் சொதப்பினால் அவள் இடம் போய்விடும், இது ஒன்றுதான் மனதில். உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய! மெள்ள மெள்ள இரண்டாவது வரி பிடிபட்டது. பயம் மட்டும் போகவில்லை.

அவள் கைக்குழந்தையோடு திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆனந்தமாக எழுந்திருக்கப் போனேன். போதகர் கையமர்த்தினார்.

"தம்பியே வாசிக்கட்டும். இப்ப நல்லாத்தானே வாசிக்கிறார். அம்மாவுக்கு இனி கொழந்தைய பாக்கவே நேரம் சரியா இருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஆட்டினாள். பாட்டின் நடுவில் திரும்பிப் பார்த்தேன். மடியில் கிடந்த குழந்தையின் முதுகில் அவள் விரல்கள் பாட்டு முழுவதையும் வாசித்துக்கொண்டிருந்தன. வாசிக்கத் தெரியாமல் அவள் இடத்தைத் தொலைத்துவிடுவேன் என்று பயந்தேனே தவிர, கற்றுக்கொண்டு தொலைப்பேன் என்று நினைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு நர்சம்மா பாட்டைத் தொடங்கினார். முதல் வரிக்கு ஆர்மோனியம் சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து போய் அவள் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினேன்.

"போய் உக்காரு, பாட்டு போயிடும்" என்றேன்.

குழந்தை வீறிட்டு அழுதது. சர்ச் முழுவதும் என்னைப் பார்த்தது. முகம் எரிய, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் போய் நின்றேன். இரண்டாவது வரிக்கு ஆர்மோனியம் வந்து சேர்ந்தது.