06 என்று பெயர் போட்ட கோப்பு

எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் எப்போதும் குளிர்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் இயந்திரக் கை, கணினித் தரவு பதிந்த டேப் அடுக்குகளுக்கு நடுவே ஓடும். ஒன்றை உருவும். ‘டக்’ என்று செருகும். அதற்குப் பிறகும் நாம் காத்திருக்க வேண்டும்...

2000-களின் நடுப்பகுதி. ஒஸ்லோவில் என் முதல் வேலை. பழைய வானிலை முன்னறிவிப்புகளைப் பத்திரப்படுத்தி, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது.

சேர்ந்த புதிதில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெய்த மழையைக் குறித்து வைப்பது சரி. ‘நாளை மழை’ என்று சொல்லி, பெய்யாமலே போன மழையை எதற்கு வைத்திருக்க வேண்டும்? அதுவும் ஒன்றா இரண்டா? பத்து நாளுக்கு முன்பிருந்தே கணினி நாளுக்கு நான்கு தடவை புதிதாகக் கணிக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு மட்டும் நாற்பது முன்னறிவிப்புகள் கிடக்கும். ஒன்று சொல்வதை மற்றது சொல்லாது.

பொறுப்பாளர் பெரித்திடம் கேட்டேன். “நாம் என்ன சொன்னோம் என்று பிறகு யாராவது வந்து கேட்பார்கள்” என்றார் அந்த அம்மா. யாருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வந்து கேட்டவர் யோகன் அண்ணை.

நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீடு. பஸ் ஓட்டுபவர். அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை, மனைவி சாந்தி அக்காவின் தம்பியைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்குள் நீளும் கடலான ஃபியோர்டில் மக்ரேல் மீன் பிடிக்கப் போனார். மத்தியானம் திடீரென்று காற்று. சின்னப் படகு கவிழ்ந்தது. அண்ணையை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

இலையுதிர் காலத்தில் குறொன்லாண்ட் மரக்கறிக் கடை வாசலில் என்னை மறித்தார்.

“பிள்ளை, நீ வெதர் ஒஃபிசிலைதானே வேலை? அண்டைக்கு காலமை ஏழரைக்கு இன்டர்நெட்டிலை பாத்திட்டுத்தான் வெளிக்கிட்டனான். காத்து இல்லையெண்டுதான் கிடந்தது. சாந்தி நம்புறாளில்லை. அதை ஒருக்கா எடுத்துத் தருவியோ?”

“ஓம் அண்ணை, அது சின்ன வேலை” என்றேன். பெருமை வேறு!

சின்ன வேலைதான்... ஆனால் நாற்பதில் எதை எடுப்பது? அன்றைய தேதியில் ‘06’ என்று ஒரு கோப்பு இருந்தது. காலை ஆறு மணி. அண்ணை பார்த்தது ஏழரை. பொருந்துகிறதே! இரண்டு நாள் காத்திருந்து, எடுத்து, அச்சடித்தேன்.

அதில் மத்தியானத்துக்குப் பலத்த காற்று என்று இருந்தது.

பஸ் தரிப்பில் நின்று அந்தத் தாளை அண்ணை நெடுநேரம் பார்த்தார். “இதில காத்தெண்டு கிடக்கு... அப்ப நான் வேறை நாளைப் பாத்திட்டனோ?”

“காலமை வந்தது இதுதான் அண்ணை.” எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்!

அவர் அன்றே அக்காவிடம், “நான் சரியாப் பாக்கேல்லை, பிழை என்ரைதான்” என்று சொல்லிவிட்டாராம். அதன் பிறகு அக்கா அவரோடு கதைப்பதில்லை. என் அம்மாதான் வந்து சொன்னார். ஆனாலும் நான் உண்மையைத்தானே கொடுத்தேன் என்று இருந்தேன்.

குளிர்காலம். துரொண்ட்ஹெய்மிலிருந்து தரவு கேட்டு வந்த ஒரு மாணவனுக்கு பெரித் விளக்கிக்கொண்டிருந்தார். “06 என்பது உலகப் பொது நேரம். கோடையில் நமக்கு அது எட்டு மணி. அப்போதுதான் கணிப்பே தொடங்கும். வெளியே வர மத்தியானம் ஆகிவிடும்.”

விரல் விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஏழரை மணிக்கு அந்தக் கோப்பு உலகத்திலேயே இல்லை. அண்ணை பார்க்கக்கூடியது அதற்கு முந்தையது ஒன்றுதான். திரும்பவும் இரண்டு நாள் காத்திருந்து எடுத்துப் பார்த்தேன். நாள் முழுக்க மெல்லிய காற்று!

அதை அச்சடித்துக்கொண்டு அன்று மாலையே அண்ணை வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தது சாந்தி அக்கா. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“முந்தி ஒரு கடதாசி தந்தனீ. இப்ப வேறை ஒண்டு. எதைப் பிள்ளை நம்புறது?”

“ரெண்டும் உண்மை அக்கா. முந்தித் தந்தது அண்ணை வெளிக்கிட்ட பிறகு வந்தது. பிழை என்ரை.”

அக்கா தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு உள்ளே திரும்பி, “இஞ்சை வாங்கோ... நீங்கள் பாத்தது சரிதானாம்” என்றார்.

அண்ணை வந்தார். தாளை வாங்கவில்லை.

“தெரியேல்லை சாந்தி. இப்ப யோசிச்சால், நான் அண்டைக்குப் பாத்தனானோ எண்டே தெரியேல்லை.”

இப்போது டேப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை. எங்கள் களஞ்சியம் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. வீட்டிலிருந்தபடியே யாரும் தரவிறக்கலாம். ஒவ்வொரு கோப்பிலும், அது எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று உள்ளூர் நேரத்தில் ஒரு வரி இருக்கும். அது நான் சண்டை பிடித்துச் சேர்த்த வரி. புதிதாகச் சேரும் பிள்ளைகள், அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரிப்பார்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தானே...

அண்ணையும் அக்காவும் இப்போது கதைக்கிறார்கள். கோயிலுக்கு ஒன்றாகத்தான் வருகிறார்கள். போன மாதம் கண்டபோதும் அண்ணை என்னை நலம் விசாரித்தார். என்னில் அவருக்குத் துளியும் கோபமில்லை.

ஆனால் என்னிடம் கேட்க வந்த நாளில், ‘அந்தக் காலையில் பார்த்துவிட்டுத்தான் போனேன்’ என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த நிச்சயம் ஒன்றாவது அவருக்கு மிச்சமாக இருந்தது. அதை ஒரு தாளைக் கொடுத்து வாங்கிக்கொண்டவள் நான். திருப்பிக் கொடுக்க எந்தக் கோப்பில் தேடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.