ஸ்லைடுக்குள் ஒளிந்திருந்த பக்க எண்

யாரும் பார்க்கப்போகாத எழுத்தை ஒருவர் எதற்காக மெனக்கெட்டு எழுதி வைக்க வேண்டும்? அத்தையின் அலுவலகமே கேட்ட கேள்வி இது. அப்போது எனக்கும் பதில் தெரியவில்லை.

அத்தைக்கு லிஃப்ட் நிறுவனம் ஒன்றின் பயிற்சிப் பிரிவில் வேலை. மெக்கானிக்குகளுக்குப் பாடம் நடத்த ஸ்லைடுகள் தயாரிப்பார். அவரே எழுதிய ஒரு சின்ன நிரல், ஒவ்வொரு ஸ்லைடுக்குள்ளும் ஒரு வரியை ஒளித்து வைக்கும்: இந்தப் படம் கையேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று. அது திரையிலும் வராது, அச்சிலும் வராது. ஸ்லைடை வேறு கோப்புக்கு நகலெடுத்தால் கூடவே போகும். போதாததற்கு, ஒவ்வொரு கோப்புக்குள்ளும் ஒரு பட்டியல், அதற்குத் தான் கொடுத்த பக்கங்கள் எவை என்று. அலுவலகத்தில் அவருக்கு ‘ரகசியம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

“என்ன ரகசியம், இன்னைக்கு எதப் புதைச்சீங்க?” என்பார் மூத்த பயிற்சியாளர் மீசை சார்.

“உங்க மீசை நீளத்தத்தான் சார்.”

மேனேஜருக்கோ சிரிப்பு வரவில்லை. “இந்த மாசத்தோட அத நிறுத்திடுங்கம்மா. வீண் வேலை.”

அதே வாரத்தில் ஒரு காலை எட்டரைக்குத் தொழிற்சாலையிலிருந்து தகவல் வந்தது. கையேட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில் பிரேக் இடைவெளியின் அளவு தப்பு. அப்படியே வைத்தால், ஆள் நிறைந்த லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கும். பத்து மணிக்கு வகுப்பு. மதியமே மெக்கானிக்குகள் கட்டடங்களுக்குப் போய்விடுவார்கள்.

அளவு படத்துக்குள் இருந்ததால் எண்ணைத் தேடினால் அகப்படாது. தலைப்பைத் தேடலாமென்றால், பயிற்சியாளர்கள் ஸ்லைடுகளை உருவி, தங்கள் கோப்பில் சேர்த்து, இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

மேனேஜர் தலையில் கைவைத்தார். “அறுநூறு கோப்பு! வகுப்ப ரத்து பண்ணிடலாம்.”

“நாளைக்கும் இதே கோப்புதானே சார்? கொஞ்ச நேரம் குடுங்க.”

அத்தை பத்துப் பன்னிரண்டு வரி தட்டினார். எல்லாக் கோப்பிடமும் ஒரே கேள்வி: உன்னிடம் நாற்பத்தேழு இருக்கிறதா? காபி ஆறுவதற்குள் பதில் வந்தது. ஒன்பது கோப்புகளில் இருபத்துமூன்று ஸ்லைடுகள். மேனேஜர் பெருமூச்சு விட்டார். அத்தை விடவில்லை. கோப்புகளுக்குள் இருந்த பட்டியலோடு ஒப்பிட்டதில் ஒரு கோப்பு உதைத்தது.

“மீசை சார், உங்க கோப்புக்கு நாப்பத்தேழு குடுத்திருக்கேன். இப்ப ஸ்லைடக் காணோமே?”

மீசை சார் மீசையைத் தடவினார். “அது... பெருசாத் தெரியட்டும்னு போட்டோ புடிச்சு ஒட்டிட்டேன்.”

போட்டோவோடு ஒளித்த வரி வராதல்லவா! கோப்பைத் திறந்தார்கள். ‘மாமியார் மருமகள் இடைவெளி’ என்ற தலைப்பின் கீழ் தப்பான அளவு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“இத எப்படிச் சார் தேடுறது?” என்று மேனேஜரே சிரித்துவிட்டார்.

ஒன்பது ஐம்பதுக்கு இருபத்துநான்காவது ஸ்லைடும் சரியானது. மீசை சார் வகுப்பில் முதல் வேலையாக அதைக் காட்டி, “இந்த அளவு உங்க கைக்கு வந்ததுக்கு எங்க ரகசியந்தான் காரணம்,” என்று அத்தையைக் கைகாட்டினார். அறை முழுக்கக் கைதட்டல்.

வெளியே மேனேஜர் காத்திருந்தார்.

“நிரல நிறுத்தணும், அதானே சார்?”

“அட, நீங்க வேற! என் ஸ்லைடுக்கெல்லாம் எப்பம்மா போட்டுத் தருவீங்க?”

உங்கள் பக்கத்திலும் யாராவது, யாருக்கும் தெரியாத ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து கேலி வாங்கிக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேலி செய்கிறவரிடமும்தான்.