உள்ளே ஒன்றுமில்லாத குழாய்

சிறுசேரியில் ஐந்து நாள் கணினி முன் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு காலையில் மண்ணில் வண்டி ஓட்டுவது என் பழக்கம். நாற்பது வயதுப் பெண்ணுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வண்டி பழைய டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

போன வருஷம் மழைக்கு முன்னால், திருக்கழுக்குன்றம் தாண்டி நாங்கள் ஓட்டும் செம்மண் திடலில் வழுக்கி விழுந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வண்டி பாறைமேல் விழுந்தது. எஞ்சினிலிருந்து கிளம்பி, நடுவில் வயிறு புடைத்து, மறுபடி குறுகிப் போகும் சைலன்சர் குழாய், மிதித்த தகர டப்பா மாதிரி நசுங்கியிருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் இழுவையே இல்லை.

புதுசு வாங்கிவிடுவதென்று முடிவுசெய்து, உச்ச வேகத்தில் சீறும் ஒரு குழாயைப் போனில் பார்த்து வைத்தேன். அதை மாட்டித்தர ஆள் தேடியபோது, கூட ஓட்டும் தோழி சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு சைலன்சர் வெல்டரிடம் அனுப்பினாள். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். போனை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"புதுசு எதுக்கு மேடம்? ஓட்டை ஒன்னும் இல்ல. நசுங்கிதான் கீது."

குழாயைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்த கறுப்பு எண்ணெயை வடித்தார். இரண்டு வாயையும் அடைத்து, ஒரு பக்கம் கம்ப்ரசர் ஹோஸை மாட்டிக் கொஞ்சமாகக் காற்றேற்றினார். பிறகு கேஸ் தீயை நசுங்கிய இடத்தில் வட்டமாகக் காட்டினார். இரும்பு மங்கிய சிவப்பாகி, பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. யாரும் தொடாமலே, பள்ளம் மூச்சிழுத்த மாதிரி மெதுவாக எழுந்து வெளியே வந்தது. நான் வாய் பிளந்து நின்றேன்.

ஆறட்டும் என்று வைத்துவிட்டு, என் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துக் காட்டினார்.

"இன்னா கீது பாருங்க. ஒன்னும் இல்ல, வெறும் காத்து. அதுதான் வண்டிய இழுக்குது."

புகை போகும்போது கொஞ்சம் எரியாத பெட்ரோலும் கூடவே ஓடிவிடுமாம். புகை கிளப்பும் அழுத்த அலை குறுகிய கோடியில் மோதித் திரும்பி வந்து, எஞ்சினின் புகைவழி மூடுவதற்குள் அந்தப் பெட்ரோலைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுமாம். நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை. குழாயின் வயிறு நசுங்கினால் அலை நேரம் தவறும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு தகரம், வெறும் வடிவத்தால் இதைச் செய்கிறது. பொறியியல் படித்தவள் நான். இத்தனை நாள் அதைப் புகைபோக்கி என்றே நினைத்திருந்தேன்.

பிறகுதான் நான் பார்த்துவைத்த குழாயைப் பற்றிப் பேசினார். பெரும்பாலும் எந்த கியரில் ஓட்டுவீர்கள் என்று கேட்டார். இரண்டாவது, சில சமயம் மூன்றாவது என்று கூச்சத்தோடு ஒத்துக்கொண்டேன்.

"அப்போ அது வேஸ்ட்டு மேடம். நல்லா முறுக்கி எஞ்சின் ரேஸ் மேல போனாதான் அது முழிக்கும்."

பழைய குழாயையே மாட்டினோம். அதன்மேல் ஒரு காப்புத் தகடு, குழாயின் வால்முனையில் சத்தத்தை அடக்கும் சின்ன உருளைக்குள் புதுப் பஞ்சு. மேம்பாடு அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, வழக்கமாக நான் பாதியில் நின்றுபோகும் மண்மேட்டில் ஏறினேன். நடுவில் எஞ்சின் ஒரு கணம் தயங்கியது, அப்புறம் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல் மேலே தூக்கிக்கொண்டு போனது. உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். அங்கிருந்தே வெல்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாராட்டையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்ன நிறம் என்று பார்க்கச் சொன்னார். கழற்றிப் பார்த்து, காப்பித் தூள் நிறம் என்றேன்; எஞ்சின் சரியாக எரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

"சரி, ஓட்டுங்க," என்று வைத்துவிட்டார்.